ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் ஆங்கிலச் சொற்கள்: படித்தது ஏன் கைக்கு வருவதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர் நீங்கள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது மெயில் எழுத வேண்டியிருக்கிறது. பிரின்சிபல், பிரின்சிபிள், அஃபெக்ட், எஃபெக்ட் என்று ஒரே சாயலில் இருக்கும் சொற்களில் ஏதாவது ஒன்று வாரத்துக்கு இரண்டு முறையாவது மாறிப்போகிறது. மேலாளர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். இணையத்தில் கிடைத்த நூறு ஜோடிப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டீர்கள். யாராவது கேட்டால் பொருள் சரியாகச் சொல்கிறீர்கள், எழுதும்போது மட்டும் தவறுகிறது. இதற்கு விதி ஏதாவது உண்டா, தமிழ் வழியில் படித்ததுதான் காரணமா என்பது உங்கள் கேள்வி. ஒரு வாடிக்கையாளர் ‘எஃபெக்ட் ஷிப்மென்ட்’ என்று எழுதியதை உங்கள் மேலாளர் தப்பு என்கிறார், யார் சொல்வது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே நுணுக்கமானது.

நான் சென்னையில் 22 வருடமாகக் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளை அச்சுக்கு முன்னால் வரிவரியாகப் படித்துத் திருத்தும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கிறது. அப்படிப்பட்ட அலுவலகங்களிலேயே என் காலம் போயிருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். மொழியியலை முறையாகப் படித்தவன் அல்ல. சொற்களின் வரலாறு என்று இங்கே சொல்வதெல்லாம் நல்ல அகராதிகளில் உறுதியாக இருப்பவை. மனதில் எப்படி நிறுத்துவது என்று சொல்வது என்னுடைய, என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களுடைய அனுபவம் மட்டுமே. முன்னதை நம்பும் அளவுக்குப் பின்னதை நம்ப வேண்டியதில்லை. செய்து பார்த்து உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் தமிழ் வழிக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியர்கள் எழுதியவை. நீங்கள் சொன்ன அதே தவறுகள் அவற்றிலும் வருகின்றன. நானும் விதிவிலக்கு அல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மருத்துவக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆய்வின் தலைமைப் பொறுப்பாளரைக் குறிக்கும் இடத்தில் பிரின்சிபல் என்பதற்குப் பதில், கொள்கை என்று பொருள்படும் பிரின்சிபிள் இருந்தது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். அடிக்குறிப்பில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைக்கூடக் கண்டுபிடித்துப் போட்டேன். இது மட்டும் கண்ணில் படவே இல்லை, அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு யாராவது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியிருப்பேன். அதாவது, தெரியாமல் நடந்த தவறு இல்லை அது. எழுதும்போது மனதுக்குள் ஓடுவது ஒலி. அந்த ஒலிக்குக் கைப்பழக்கத்தில் எந்த எழுத்துக்கூட்டு முந்திக்கொண்டு வருகிறதோ அதைக் கை போட்டுவிடுகிறது. படிக்கும்போதும் கண் அதே ஒலியைக் கேட்டுத் திருப்தி அடைந்து தாண்டிப் போய்விடுகிறது. பொருள் தெரிந்திருப்பது ஒரு திறமை, கை சரியாகப் போவது இன்னொரு திறமை. உங்கள் பட்டியல் முதலாவதை மட்டும் கொடுத்திருக்கிறது.

சரி, ஆங்கிலத்தில் ஏன் இப்படி இரட்டைகள் இருக்கின்றன? இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஆங்கில எழுத்துகளை வாயால் சொல்வதுபோலவே ஏ, பி, சி என்று எழுதுகிறேன், நீங்களும் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள். ஸ்டேஷனரி என்ற சொல். முடிவில் ஏ-ஆர்-ஒய் வந்தால் நகராமல் நிற்பது. இ-ஆர்-ஒய் வந்தால் பேப்பர், பேனா, கவர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், நிற்பதைக் குறிக்கும் லத்தீன் சொல். மத்திய கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ‘ஸ்டேஷனர்’ என்றார்கள், ஓரிடத்தில் நிலையாக இருப்பவர் என்ற பொருளில். லண்டனில் இவர்களுடைய சங்கம் 1403-இல் உருவாகி, 1557-இல் அரச சாசனம் பெற்றது, இன்றும் இருக்கிறது. பேக்கர் நடத்துவது பேக்கரி ஆனதுபோல, ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி ஆயிற்று. பேக்கரி என்று எழுதும்போது இ-ஆர்-ஒய் போட யாரும் தயங்குவதில்லை. ஸ்டேஷனருக்குள் இருக்கும் இ-ஆர் கண்ணில் பட்டுவிட்டால் இதற்கும் தயக்கம் வராது.

மற்றவையும் பெரும்பாலும் இப்படித்தான். பிரின்சிபல், பிரின்சிபிள் இரண்டும் ‘முதலிடம் பிடித்தவர்’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை. பாராட்டைக் குறிக்கும் காம்ப்ளிமென்டும், ஒன்றை நிறைவு செய்வதைக் குறிக்கும் காம்ப்ளிமென்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பாராட்டு மட்டும் ஸ்பானிஷ், இத்தாலியன், பிரெஞ்சு என்று சுற்றிவிட்டு வந்ததால் நடுவில் ஐ ஒட்டிக்கொண்டது. அரைத்த மாவும் செடியில் பூக்கும் பூவும் ஆங்கிலத்தில் முன்பு ஒரே சொல்தான். தானியத்தை அரைத்துச் சலித்து எடுக்கும் நயமான பகுதியை அதன் பூ என்று சொன்னார்கள், பிறகு எழுத்தில் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வேர் வேறாக இருந்தும் ஒலியால் ஒன்றாகிப்போன ஜோடிகளும் உண்டு. உங்கள் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, சாயம் போடுவதும் சாவதும். இரண்டுக்கும் டை என்ற ஒலிதான். முன்பு ஆங்கிலேயர்களே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். சாயத்துக்கு ஒய், சாவுக்கு ஐ என்ற பிரிவு உறுதிப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில்தான். ‘டையிங் யூனிட்’ என்று எழுதும்போது ஒய்-க்குப் பிறகு ஓர் இ கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்த இ விழுந்துவிட்டால் சாயப்பட்டறை செத்துக்கொண்டிருக்கும் பட்டறையாகிவிடும். மெயிலை அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லைத் தனியாகப் பார்த்துவிடுங்கள், திருப்பூர் மெயில்களில் இது வராத நாள் இருக்காது.

இதற்கெல்லாம் பின்னணி ஒன்றுதான். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தது. உச்சரிப்பு மட்டும் தன் போக்கில் மாறிக்கொண்டே போனது. பல எழுத்துகள் பழைய ஒலியின் தடமாக நின்றுவிட்டன. அதனால் ‘இந்த ஒலி வந்தால் இந்த எழுத்து’ என்று ஒரு விதி இந்த ஜோடிகளுக்குக் கிடையாது. உங்கள் முதல் கேள்விக்கு நேர்ப் பதில் அதுதான். ஆனால் விதி இல்லாவிட்டாலும் வழி உண்டு, அந்த வழி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

தமிழில் பனி, பணி என்ற இரண்டையும் நீங்கள் மாற்றி எழுதுவீர்களா? மாட்டீர்கள். பேசும்போது பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கிறது, இருந்தும் எழுத்தில் தடுமாற்றம் வருவதில்லை. பணி என்றால் பணியாளர், பணிமனை, பணிவிடை என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கிறது. பனிக்குப் பனித்துளி, பனிமூட்டம் என்று வேறொரு கூட்டம். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வித்தியாசம் படித்ததால் வந்த தெளிவு அல்ல இது. ஒவ்வொன்றையும் அதன் சுற்றத்தோடு தனித்தனியாகப் பழகியதால் வந்தது. ஆங்கிலத்தில் நாம் செய்வது நேர் எதிர். சுற்றத்தை விட்டுவிட்டு, குழப்பம் தரும் இரண்டையும் ஒரே வரியில் ஜோடியாக எழுதி மனப்பாடம் செய்கிறோம். அப்புறம் ஒன்றை நினைத்தாலே மற்றதும் சேர்ந்து வந்து நிற்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் பட்டியல் படித்து வந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். படிக்காதவர்களுக்கு ஒன்றாவது சரியாக வரும்.

ஆகவே ஜோடியைப் பிரியுங்கள். இந்த வாரம் ஒரு சொல், அதன் கூட்டத்தோடு. பிரின்சிபல் என்பதில் முடிவு ஏ-எல். நேஷனல், சென்ட்ரல், ஃபைனல் எல்லாவற்றிலும் இருக்கும் அதே ஏ-எல், அதாவது பெயரடை முடிவு. ‘முதன்மையான’ என்பதே அதன் அடிப்படைப் பொருள். முதன்மையான ஆசிரியர் கல்லூரி முதல்வர். கடனில் முதன்மையான தொகை அசல், வட்டி அதன் மேல் ஏறுவது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸ்காரர்கள் ‘எங்கள் பிரின்சிபல்ஸ் விலையை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதுவார்களே, அங்கே ஏஜென்ட் யாருக்காக வேலை செய்கிறாரோ அந்த முதலாளி. மூன்றும் ஒரே சொல்தான். ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் பிரின்சிபல் உங்கள் நண்பர், கடைசியில் பி-ஏ-எல் என்று ஒரு நினைவுச் சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். கல்லூரி முதல்வருக்கு அது உதவும், வங்கிக் கடனுக்கு உதவாது. ஏ-எல் என்ற முடிவைப் பிடித்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் போதும். பிரின்சிபிள் ஒருநாளும் பெயரடையாக வராது, அது கொள்கை என்ற பெயர்ச்சொல் மட்டும்தான்.

காம்ப்ளிமென்ட்டுக்கும் இதேபோல ஒரு பிடி உங்களிடம் உண்டு. பள்ளியில் வாக்கிய அமைப்பு படித்தோமே, எஸ்-வி-ஓ-சி-ஏ என்று, அதில் வரும் சி-தான் நிறைவு செய்யும் காம்ப்ளிமென்ட். அதில் எல்-க்குப் பிறகு இ, ஏனென்றால் அது கம்ப்ளீட் என்ற சொல்லின் உறவு. ஜவுளிக்கடையில் புடவை வாங்கினால் ‘காம்ப்ளிமென்ட்’ என்று ஒரு பை கொடுப்பார்கள், பாராட்டும் மரியாதையும் சார்ந்தது அது. இலவசமாகக் கொடுப்பதற்கும் பாராட்டுக்கும் ஐ.

இன்னொரு பலம் உங்களிடம் இருக்கிறது, யாரும் அதைப் பலம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் நாம் உச்சரிக்கும் விதம். தமிழ்நாட்டில் கல்லூரி முதல்வரை ‘பிரின்சிபால்’ என்று கடைசியில் ஆகாரம் நீட்டிச் சொல்பவர்கள் ஏராளம். ஆங்கிலேயர் காதில் அது பிழை. எழுத்துக்கூட்டுக்கு அது வரம், ஏன் என்றால் அந்த ஆகாரம்தான் ஏ. கொள்கையை யாரும் ‘பிரின்சிபால்’ என்று சொல்வதில்லை. அஃபெக்ட், எஃபெக்ட் விஷயத்திலும் அப்படியே. மாத்திரையால் வருவதை நாம் ‘சைடு எஃபெக்ட்’ என்கிறோம், ‘சைடு அஃபெக்ட்’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ‘மழையால் வேலை அஃபெக்ட் ஆகிடுச்சு’ என்போம், அங்கே எஃபெக்ட் வராது. விளைவு என்ற பெயர்ச்சொல்லுக்கு எஃபெக்ட், பாதிப்பது என்ற வினைக்கு அஃபெக்ட் என்பதை இலக்கணம் தெரியாமலே நம் வாய் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எழுதும்போது சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தைத் தமிழ் கலந்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சின்ன வயதில் புதன்கிழமையை எழுத்துக்கூட்ட ‘வெட்-நெஸ்-டே’ என்று சொல்லிப் பழகினோம். அதே உத்தியை இப்போதும் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் இன்றைக்கும் பல சொற்களை மனதுக்குள் எழுத்துப்படியே சொல்லித்தான் சரிபார்க்கிறேன்.

ஆனால் இதே தமிழ்க் காது சில இடங்களில் ஏமாற்றும். அந்த இடங்களைத் தனியாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எஸ், இசட் என்ற இரண்டு ஒலிக்கும் தமிழில் நமக்கு ஒரே ஸகரம்தான். அறிவுரை என்ற பெயர்ச்சொல் சி-இ என்று முடிந்து எஸ் ஒலி தரும். அறிவுரை சொல்வது என்ற வினை எஸ்-இ என்று முடிந்து இசட் ஒலி தரும். நாம் இரண்டையும் ‘அட்வைஸ்’ என்றே சொல்கிறோம், ‘அட்வைஸ் பண்ணாதே’ என்று வினையையும் அதிலேயே முடித்துவிடுகிறோம். இங்கே காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள். ஐ-சி-இ என்றால் ஐஸ், ஐஸ் ஒரு பொருள், பொருளின் பெயர் பெயர்ச்சொல். லைசென்ஸுக்கும் இந்தச் சி, எஸ் பிரிவு உண்டு, ஆனால் பிரிட்டிஷ் முறையில் மட்டும். நம் ஓட்டுநர் உரிம அட்டையில் சி போட்டு அச்சடித்திருப்பதற்கு அதுவே காரணம், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டமும் அப்படியே எழுதுகிறது. அமெரிக்கர்கள் உரிமத்துக்கு இரண்டு இடத்திலும் எஸ் போடுவார்கள். பிராக்டிஸ் என்ற சொல்லுக்கோ இரண்டு இடத்திலும் சி போடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர் நியூயார்க்கிலா லண்டனிலா என்று பார்த்து எழுதுங்கள், அமெரிக்கர் எழுதியதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

லூஸ் என்ற ஜோடியும் இந்த வகைதான். இழப்பதற்கு ஓர் ஓ, ஒலி இசட். தளர்வாக இருப்பதற்கு இரண்டு ஓ, ஒலி எஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகிறது. உங்களுக்கு இதில் கவலையே வேண்டாம். செக்கிங் டேபிளில் தினமும் பார்க்கும் ‘லூஸ் த்ரெட்’ ஒன்றை மனதில் வையுங்கள். தொங்கும் நூல், நீளமாக இரண்டு ஓ. ஆர்டரை இழப்பதில் ஒன்றுதான். அளவு அட்டையில் வரும் ‘வேஸ்ட்’டும் அப்படியே. இடுப்புக்கு ஏ-ஐ, அது வெய்ஸ்ட் பேண்ட் குடும்பம். கட்டிங்கில் விழும் கழிவுக்கு ஐ கிடையாது, கடைசியில் இ.

அடுத்து அழுத்தம். ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதே பொருளை மாற்றும், தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. சொந்த விஷயத்தைக் குறிக்கும் பர்சனல் முதல் அசையில் அழுந்தும். ஊழியர்களைக் குறிக்கும் பர்சனெல் கடைசி அசையில் அழுந்தும், அதற்கு என் இரண்டு, முடிவு இ-எல். மத்திய அரசில் பணியாளர் அமைச்சகம் என்று ஒன்று உண்டு, அதன் ஆங்கிலப் பெயரில் வருவது இரண்டாவது சொல். அறத்தைக் குறிக்கும் மாரல், மனத்தெம்பைக் குறிக்கும் மொரால் இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. மனத்தெம்பின் கடைசியில் உள்ள இ, கடைசி அசையை அழுத்திச் சொல் என்று காட்டுவதற்காக ஆங்கிலத்தில் சேர்க்கப்பட்டது. இந்த வகையை நான் அகராதியில் உச்சரிப்பைக் கேட்டுத்தான் பழகினேன், வேறு குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லா ஜோடியும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷனரியில் எழுத்து மாறினால் படிப்பவருக்குப் பொருள் விளங்கிவிடும், எழுதியவர் மேல் மதிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பொருளே தலைகீழாகும் ஜோடிகள் வேறு ரகம். பிரிஸ்கிரைப் என்றால் மருத்துவர் எழுதிக் கொடுப்பது. அதில் பி-ஆர்-இ என்பது பி-ஆர்-ஓ ஆனால் பிரோஸ்கிரைப், தடை செய்வது. பழைய ரோமில் கி.மு. 82-இல் சுல்லா என்ற தளபதி தன் எதிரிகளின் பெயரை எழுதிப் பொதுவிடத்தில் வைத்தான், அந்தப் பட்டியலில் இருந்தவரை யாரும் கொல்லலாம். பிரோஸ்கிரைப் என்ற சொல்லும் அந்த வழக்கத்தின் பெயரும் ஒரே வேர் கொண்டவை. மருத்துவக் கட்டுரைகளில் ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் குறைந்த ரத்த அழுத்தம். காதுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, வேகமாக ஓடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டில் ஒன்று வந்தாலே நான் படிப்பதை நிறுத்திவிட்டு, அதே பத்தியில் உள்ள அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் நானாகத் திருத்துவதில்லை, ஆசிரியருக்குக் கேள்வி அனுப்புகிறேன்.

மருந்துப் பெயர்களில் இதே சிக்கலுக்கு ஓர் அழகான தீர்வு கண்டிருக்கிறார்கள். ஹைட்ராக்சிசின் ஒவ்வாமைக்கும் அரிப்புக்கும் கொடுப்பது, ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. இரண்டும் ஆங்கிலத்தில் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல இருக்கும். அதனால் பெயரில் வேறுபடும் நடுப்பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் முறை அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் வந்தது. கண் தானாக அங்கே போய் நிற்கும். நான் இதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டேன். என் மேசையில் ஒரு அட்டை உண்டு, அதில் நான் அடிக்கடி தவறும் ஒன்பது சொற்கள், மாறும் எழுத்து மட்டும் பெரிதாகவும் சிவப்பாகவும். ஒன்றின் எதிரிலும் அதன் ஜோடியை எழுதவில்லை. டிஸ்கிரீட் என்ற சொல் அதில் இருக்கிறது, தனித்தனியாகப் பிரிந்தது என்ற பொருளில். அதில் இரண்டு இ-க்கும் நடுவே ஒரு டி, டைகர் என்பதில் வரும் டி, சுவர்போல நின்று பிரிக்கிறது. அந்தச் சுவரைச் சிவப்பில் எழுதிய நாளிலிருந்து அதில் நான் தவறியதில்லை.

உங்களுக்கும் நூறு ஜோடி தேவைப்படாது. கடந்த மூன்று மாத மெயில்களில் மேலாளர் வட்டம் போட்டவற்றை எடுத்துப் பாருங்கள், எட்டு பத்துச் சொல்லுக்கு மேல் இருக்காது என்பது என் கணிப்பு. அவற்றை மட்டும் அட்டையில் எழுதுங்கள். மெயில் எழுதி முடித்ததும் தேடும் வசதியில் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முழு மெயிலையும் திரும்பப் படித்தால் கண் ஒலியைக் கேட்டுக்கொண்டு தாண்டிவிடும். தேடினால் அந்தச் சொல்லில் மட்டும் போய் நிற்கும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சிட்டு வந்த சோதனைப் படியான ப்ரூஃபைப் பார்ப்பார். சந்தேகமான சொல் வந்தால் படிப்பவர் எழுத்தெழுத்தாகச் சொல்வார். தனியாக இருக்கும்போது அந்த இரண்டு வேலையையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்பெல் செக் இதில் உதவாது, ஏனென்றால் இரண்டு சொல்லுமே அகராதியில் உள்ளவை. வாக்கியத்தைப் பார்த்துச் சொல்லும் புதிய கருவிகள் முன்பைவிட நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. நானும் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை சரியானதைத் தவறாக மாற்றிய இடங்களையும் பார்த்திருக்கிறேன். குறிப்பாக, ஒரு தொழிலுக்குள் மட்டும் வழங்கும் பயன்பாடுகளில். கருவி கோடு போட்டால் நின்று யோசியுங்கள், கேட்காமலே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிபுணர்களே ஒத்துப்போகாத இடமும் உண்டு. ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரின் மேல் உள்ள என்கொயரி இ-யில் தொடங்குகிறது. அரசு அமைக்கும் விசாரணை ஆணையத்துக்கான 1952-ஆம் வருடச் சட்டத்தின் பெயரில் அது ஐ-யில் தொடங்குகிறது. சும்மா கேட்பதற்கு இ, முறையான விசாரணைக்கு ஐ என்று பிரிட்டிஷ் வழக்கில் பலர் பிரிப்பார்கள், சிலர் பிரிப்பதில்லை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஐ. இதில் யாராவது சிவப்பு வட்டம் போட்டால் நீங்கள் தவறு செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் ஒன்றை முடிவு செய்து அதையே தொடர்ந்து எழுதினால் போதும்.

இப்போது ‘எஃபெக்ட் ஷிப்மென்ட்’. உங்கள் வாடிக்கையாளர் எழுதியது சரி. அஃபெக்டும் எஃபெக்டும் ‘செய்’ என்ற ஒரே லத்தீன் வினையில் வேறு வேறு முன்னொட்டு சேர்ந்து வந்தவை. முதலாவதில் ‘ஒன்றை நோக்கி’, இரண்டாவதில் ‘வெளியே’. ஒன்றின் மேல் போய்த் தாக்குவது அஃபெக்ட், செய்து வெளிக்கொண்டு வருவது எஃபெக்ட். எஃபெக்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல்தான், ஆனால் ‘நடத்தி முடிப்பது’ என்ற பொருளில் வினையாகவும் வரும். வணிகக் கடிதங்களிலும், பணம் தருவதாக வங்கி உறுதி கொடுக்கும் எல்.சி.-யிலும் ஷிப்மென்டையும் பேமென்டையும் ‘எஃபெக்ட்’ செய்வது பழைய, சரியான வழக்கு. ஆகவே 15-ஆம் தேதிக்குள் சரக்கை அனுப்பி முடிப்போம் என்றால் இ. நூல் வர தாமதமானது, ஆனால் அது சரக்கு அனுப்புவதைப் பாதிக்காது என்றால் ஏ. இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் இ போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அங்கே மேலாளர் போட்ட வட்டம் நியாயமானது. முதலாவதில் அவர் போட்டது நியாயமில்லை. ஷிப்மென்ட் என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டில் எது வந்தாலும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், கருவியை நம்பி விட்டுவிட முடியாது. இந்த ஒன்றை மட்டும், அனுப்பும் முன் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்: அனுப்பி முடிக்கப் போகிறோமா, அனுப்புவது பாதிக்கப்படப் போகிறதா.